ஈயில் கண்டது ஈயில் கண்டதாகவே அச்சேறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், இளநிலை விலங்கியல் மாணவியர் சிலர் பழ ஈக்களைக் கொண்டு செய்த ஆய்வு பற்றிய செய்தி ஒன்று வெளியாகியிருந்தது. பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நாம் நடுக்குவாதம் என்று சொல்லும் நோய்க்கு, அவர்கள் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பொருள்படும் தலைப்பை அதற்குத் தந்திருந்தீர்கள். செய்தி வந்த அன்று மாலையே, என்னிடம் முன்பு படித்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தம் தந்தைக்கு இந்த நோய் இருப்பதாகவும் அந்த மூலிகைச் சாறு எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்த வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்ல முடிந்தது. மறுநாள், விலங்கியல் படித்த நண்பரே ஒருவர், "ஈக்கு வைத்தியம் பார்க்கவா கல்லூரி?" என்று கேலி செய்தார். மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கை, ஈ ஆய்வு வெட்டி வேலை என்ற ஏளனம் ஆகிய இரண்டும் அந்த ஒரே தலைப்பிலிருந்து பிறந்தவை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செய்தியின் உள்ளே இருந்தது தலைப்பைவிட அடக்கமானது. ரோட்டினோன் என்ற நஞ்சு கலந்த உணவை ஈக்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்; குப்பியின் சுவரில் ஏறும் திறன் அவற்றுக்குக் குறைந்திருக்கிறது; அதே உணவில் ஒரு மூலிகைச் சாற்றையும் கலந்தபோது ஏறும் திறன் ஓரளவு மீண்டிருக்கிறது. ஒரு பருவத்துக்குள் மாணவர் செய்யத்தக்க, நல்ல கேள்வியை உள்ளடக்கிய வேலை இது. மாணவியரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

முதலில் ஏளனத்துக்கு விடை. இங்கே பேசப்படும் ஈ, மாம்பழத்தைத் துளைத்து விவசாயிக்கு நட்டம் விளைவிக்கும் ஈ அன்று. கனிந்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாகப் பத்து நாள் போதும். நன்கு பராமரித்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் வாழும். ஆகவே இளமை, முதுமை, சாவு மூன்றையும் ஒரு கல்லூரிப் பருவத்துக்குள் பார்த்துவிடலாம். முதுமையில் தலைகாட்டும் நோய்களை ஆராய்கிறவர்களுக்கு இது சிறிய வசதி அன்று. குரோமோசோம்கள் நான்கு இணைதான். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதன் மரபணுத் தொகுதி வெளியானபின் ஒப்பிட்டுப் பார்த்ததில், மனிதரில் நோயோடு தொடர்புடையவையாக அறியப்பட்ட மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஈயிலும் இணையான மரபணு உண்டு என்று தெரிந்தது.

இந்த ஈயின் வரலாற்றில் மாணவர்களுக்கு என்றுமே ஓரமான இடம் இருந்ததில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் நடத்திய ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் என்ற இளநிலை மாணவர், 1911இல் தம் வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு ஓர் இரவில் போட்ட கணக்கிலிருந்துதான், குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதன் முதல் வரைபடம் உருவாயிற்று. அப்போது அவருக்கு வயது 19. எழுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரின் ஆய்வு மாணவர் ரொனால்ட் கொனோப்கா, ஏறத்தாழ 24 மணி நேர நாளொழுங்கு பிறழ்ந்த ஈக்களைக் கண்டெடுத்தார். அந்த மரபணுவைப் பின்தொடர்ந்து சென்ற வேறு மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் காலத்திலும் இது தொடர்கிறது. ஈயின் மிகச் சிறிய குரோமோசோமைப் பல ஈயினங்களில் ஒப்பிட்டு 2015இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரையின் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் 900க்கும் அதிகமானவர்கள் இளநிலை மாணவர்கள். அத்தனை பேரை ஆசிரியர் என்று சொல்லலாமா என்று அங்கே சிலர் முணுமுணுத்தது வேறு கதை.

இனி, தலைப்பு மறைத்துவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கின்சன் நோயில் நடுமூளையில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. அவை ஏன் அழிகின்றன என்ற கேள்விக்கு, உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் கைகாட்டிய முதல் வலுவான தடயம், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1982இல் கலிஃபோர்னியாவில், திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட போதைப்பொருளை ஊசியாக ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், முற்றிய நடுக்குவாத நோயாளிகளைப் போல் உடல் உறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் உடன் உழைத்தவர்களும், அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருளே காரணம் என்று மறுஆண்டு அறிவித்தார்கள். உடலுக்குள் அது மாற்றம் அடைந்து, டோபமைன் நரம்பணுக்களுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாகும் தொடரின் முதற்கண்ணியை அடைத்துவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. மீன் பிடிக்கவும் பூச்சி கொல்லவும் பயன்பட்ட, அவரைக் குடும்பச் செடிகள் சிலவற்றின் வேரிலிருந்து கிடைக்கும் ரோட்டினோனும் அதே கண்ணியைத்தான் அடைக்கிறது. நம் மாணவியர் ரோட்டினோனைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே. செய்தியில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், ஈக்கு நஞ்சு கொடுத்தது எதற்காக என்று வாசகருக்கு விளங்கியிருக்கும்.

நஞ்சைப் பற்றிய இக்கதையோடு மரபணுவின் கதை வந்து சேர்ந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. இளவயதிலேயே நடுக்குவாதம் காணும் ஜப்பானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 1998இல் பார்க்கின் என்ற மரபணுவைக் கண்டார்கள். 2004இல் இத்தாலிய, ஸ்பானியக் குடும்பங்களிலிருந்து பிங்க்1 என்ற மற்றொரு மரபணு தெரியவந்தது. இரண்டிலும் நிலைமை ஒன்றுதான்: தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரு படிகளும் (நகல்களும்) பழுதானால் நோய். ஆனால் அந்த மரபணுக்கள் உயிரணுவுக்குள் என்ன வேலை செய்கின்றன என்று அறிய, அவற்றை நீக்கிய சுண்டெலிகள் பெரிதாக உதவவில்லை. அவற்றின் நடுமூளையில் குறிப்பிடத்தக்க அழிவு தென்படவில்லை. ஈயோ உடனே பேசிற்று. சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லியோ பல்லாங்க் குழுவினர் 2003இல் பார்க்கின் இல்லாத ஈக்களை ஆராய்ந்தபோது, அவற்றின் ஆயுள் குறைந்திருந்தது, ஆண் ஈக்கள் மலடாக இருந்தன, பறக்கும் தசைகள் சிதைந்திருந்தன. தசையணுக்களைப் பார்த்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே கெட்டிருந்தவை மைட்டோகாண்ட்ரியா.

இதற்கடுத்த படிதான் என் மனத்துக்கு மிக உகந்தது. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிக்காட்டியது. 2006 ஜூன் மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் மிங் குவோவின் குழுவும் தென்கொரியாவில் ஜோங்க்யாங் சுங்கின் குழுவும், ஒரே இதழில், பிங்க்1 இல்லாத ஈக்களைப் பற்றி எழுதின. அவற்றுக்கும் பார்க்கின் இல்லாத ஈக்களுக்கும் அச்சு அசலான கோளாறுகள். அப்படியானால் இரண்டு மரபணுக்களும் ஒரே பணியில் ஈடுபட்டவை என்று ஊகிக்கலாம். ஆனால் எது முன்னே, எது பின்னே? அதை அறிய அவர்கள் செய்தது எளிய கலப்பு. பிங்க்1 இல்லாத ஈயில் பார்க்கினைக் கூடுதலாக உண்டாக்கினார்கள். தசையும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருமளவு சீரடைந்தன. பார்க்கின் இல்லாத ஈயில் பிங்க்1ஐக் கூடுதலாக உண்டாக்கினார்கள். பயன் ஒன்றும் இல்லை. ஆகவே பிங்க்1 கட்டளையிடும் இடத்திலும் பார்க்கின் அதை நிறைவேற்றும் இடத்திலும் இருக்கின்றன. விலை உயர்ந்த கருவிகள் இந்த ஆய்வுகளில் பயன்பட்டன என்பது உண்மை. ஆனால் முடிவைத் தந்தது கருவி அன்று, எந்த ஈயை எந்த ஈயோடு சேர்ப்பது என்ற யோசனை. மெண்டலின் விதிகளைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு, அதே விதிகளைக் கொண்டு ஒரு நோயின் உள்ளே படிப்படியாக இறங்கலாம் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. பிங்க்1 மரபணு, ஆண் ஈக்கு ஒன்றே உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பழுதை ஒரு படியில் மட்டும் சுமக்கும் தாய் ஈயின் ஆண் மக்களில் பாதியில் கோளாறு உடனே தெரிந்துவிடும். பார்க்கினோ மூன்றாவது குரோமோசோமில் இருப்பதால் இரு படிகளிலும் பழுது சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் குப்பியில் கண்டுகொண்ட மாணவர் அதை மறக்க மாட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ரிச்சர்ட் யூலின் ஆய்வகத்தில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த டெரெக் நரேந்திரா, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில், பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிச்சென்று பார்க்கின் ஒட்டிக்கொள்வதையும் பின்னர் அவை செரித்து அகற்றப்படுவதையும் காட்டினார். இன்று நாம் அறிந்த வரையில் நடப்பது இது: நலமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பிங்க்1 புரதம் இழுக்கப்பட்டு உடனுக்குடன் வெட்டி அழிக்கப்படுகிறது, மின்னழுத்தம் இழந்த மைட்டோகாண்ட்ரியாவால் அதை உள்ளே இழுக்க முடிவதில்லை, ஆகவே அது வெளிச்சவ்வின் மேல் சேர்ந்து பார்க்கினை அழைக்கிறது, பார்க்கின், யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை அந்தச் சவ்வின் மேல் சரம்சரமாக ஒட்டி, இதை அகற்று என்று அணுவுக்கு அடையாளம் காட்டுகிறது. நகராட்சி ஊழியர் இடிக்கவேண்டிய கட்டடத்தின் சுவரில் சிவப்புக் குறி போட்டுச் செல்வதைப் போன்ற ஏற்பாடு. பல ஆண்டு வாழ வேண்டிய, பிரிந்து பெருகாத நரம்பணுவுக்கு இந்த ஏற்பாடு பழுதானால் கேடு என்பது எளிதில் விளங்கும்.

எளிதில் விளங்குவதெல்லாம் உண்மையாகிவிடுவதில்லை என்பதையும் ஈதான் காட்டியது. 2018இல் கேம்பிரிட்ஜில் அலெக்ஸ் விட்வொர்த்தின் குழு, பிங்க்1, பார்க்கின் இல்லாத ஈக்களிலும் அன்றாட மைட்டோகாண்ட்ரியா அகற்றம் ஏறத்தாழக் குறைவின்றி நடப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து வந்த ஆய்வு, வயதான ஈக்களில் குறைவு உண்டு என்றது. இதைக் கேட்டு அறிவியலாளர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்று கையை விரிக்க வேண்டியதில்லை. எந்த வயதில், எந்தத் திசுவில், எப்படி அளந்தோம் என்ற கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. அவற்றுள் சில, கல்லூரி மாணவர் தொடக்கூடிய உயரத்தில் இருக்கின்றன.

அப்படித் தொடக்கூடிய அளவீடுகளில் ஒன்றுதான் நம் மாணவியர் செய்த ஏறுசோதனை. ஈக்களைக் குப்பியின் அடியில் தட்டி விழவைத்து, பத்து நொடி போன்ற குறித்த நேரத்துக்குள் எத்தனை ஈக்கள் ஒரு கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று எண்ணுவது. கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்டேவ்லியின் ஆய்வகம் 2004இல் இதே அளவீட்டைக் கொண்டு, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரளும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற மனிதப் புரதம் ஈயின் ஏறும் திறனைக் காலத்துக்கு முன்பே குலைப்பதையும், பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் அக்குலைவு தடுக்கப்படுவதையும் காட்டியது. அங்கே ஈ ஏறிற்றா என்பதோடு நில்லாமல், ஈயின் கண்ணில் ஏற்பட்ட சிதைவையும் தனியாகப் பார்த்தார்கள். ஒரே முடிவை இரண்டு வேறு வழிகளில் கேட்டுப்பார்ப்பது என்பது இதுதான்.

நம் மாணவியரின் முடிவைத் தலைப்பின் உயரத்துக்கு ஏற்றுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இங்கிருந்து தொடங்குகின்றன. மூலிகைச் சாறு கசந்தால் ஈ குறைவாக உண்ணும். குறைவாக உண்டால் ரோட்டினோனும் குறைவாகவே உள்ளே போகும். குப்பியில் பார்க்கும்போது சாறு காப்பாற்றியதாகத்தான் தோன்றும். உணவில் நீல நிறச் சாயம் கலந்து வயிற்றில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கும் சாதாரண சோதனை இதற்கு உண்டு, அதைச் செய்தார்களா? எந்தக் குப்பியில் எந்த உணவு என்று அறியாத ஒருவர் எண்ணினாரா? ஒரே குப்பியில் வளர்ந்த இருபது ஈக்களை இருபது தனிச் சோதனைகளாகக் கணக்கில் எடுத்தார்களா, அல்லது ஒரு குப்பியை ஒன்றாகக் கொண்டார்களா? சாற்றைக் கரைக்கப் பயன்பட்ட சாராயத்தை மட்டும் பெற்ற ஈக்கள் தனியாக இருந்தனவா? இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் நலமான ஆண் ஈயும் மலடாகிவிடும். பார்க்கின் பழுதான ஆண் ஈயும் மலடு. மேசையின் மேல் குப்பிகளை வைத்து ஏப்ரல் மாதத்தில் ஈ வளர்க்கும் ஆய்வகத்தில், எது மரபணுவின் வேலை, எது வெயிலின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும், மின்தடையின்போது அதை இயங்கவைக்க ஏற்பாடும் வேண்டும்.

எல்லாக் கேள்விக்கும் நல்ல விடை கிடைத்தாலும்கூட, தலைப்பு தவறுதான். ஈயில் பெரிதும் சிதைவது பறக்கும் தசை. டோபமைன் நரம்பணுக்களின் இழப்பு ஒப்பளவில் சிறியது. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோயை ஒரு தனி மரபணுவின் தலையில் கட்ட முடியாது. நஞ்சு கலந்த உணவை நாள்கணக்கில் தின்ற ஈ, அறுபது வயதில் கை நடுங்கத் தொடங்கும் மனிதரின் சிறு உருவம் அன்று. அணுவுக்குள் எந்தப் பாதை பழுதாகிறது என்று ஈ சொல்லும். எந்த மருந்தை எவ்வளவு உண்பது என்று அது சொல்லாது. நம் மருத்துவ மரபின் மருந்துகளை ஈயில் சோதிப்பது தவறும் அன்று: காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் லகோட்டியாவின் குழு, ஆயுர்வேத நெல்லிக்காய் இரசாயனத்தையும் ரசசிந்தூரத்தையும் ஹன்டிங்டன், அல்சைமர் நோய்களுக்கான ஈ மாதிரிகளில் சோதித்து 2013இல் கட்டுரை வெளியிட்டது. அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஈ மாதிரிகளில் என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குத் தங்கள் தலைப்பில் இடமில்லாமற்போனது வருந்தத்தக்கது.

கல்லூரிகளையும் இதில் விட்டுவிட முடியாது. விலங்கறுப்பு பாடத்திட்டத்திலிருந்து நீங்கியபின் பல ஆய்வகங்களில் மாணவர் உயிருள்ள ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அருகிவிட்டது. சிவப்புக் கண், வெள்ளைக் கண் ஈக்களைச் சுவரில் மாட்டிய படத்தில் காட்டித் தேர்வு நடத்துகிறோம். ஈ வளர்க்கத் தேவையானவை ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட், பூஞ்சை வராமல் தடுக்கச் சிறிது புரோப்பியோனிக் அமிலம், பஞ்சால் அடைத்த குப்பிகள், ஓர் எளிய நுண்ணோக்கி. ஈயினங்களுக்கு மைசூருப் பல்கலைக்கழகத்தில் சேமிப்பு மையம் உண்டு. மரபணு மாற்றிய வகைகளைப் பராமரிக்கும் ஈக்கூடம் பெங்களூரில், உயிரியல் அறிவியலுக்கான தேசிய மையத்தின் வளாகத்தில் உண்டு. குறை பொருளில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஆய்வுத் திட்டத்தைக் கடைசிப் பருவத்தின் நடுவில் ஒதுக்கி, இரண்டு மாதத்தில் கட்டிய புத்தகமாகக் கேட்டால், ஈயின் ஆயுள்கூட அதற்குள் முடியாது. அந்த அவசரத்தில்தான், அச்சகத்து வாசலில் பெயரை மட்டும் மாற்றித் தரும் ஆய்வேடுகள் விற்பனையாகின்றன. ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலேயே திட்டத்தை ஒதுக்கினால் மூன்று நான்கு தலைமுறை ஈக்களைப் பார்க்கலாம். முதல் சோதனை கெட்டுப்போனாலும் இரண்டாவதற்கு நேரம் இருக்கும். புறத்தேர்வாளர்களாகச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். சாற்றால் எந்தப் பயனும் இல்லை என்று நேர்மையாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பயன் உண்டு என்று எழுதியவரிடம் எண்ணிய குறிப்பேட்டைக் கேளுங்கள்.

தங்களிடம் நான் வேண்டுவது மறுப்புச் செய்தி அன்று. அது மாணவியரைத்தான் புண்படுத்தும். அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், அந்த ஆய்வைப் பற்றி இன்னொரு செய்தி வெளியிடுங்கள். எத்தனை குப்பிகள், சாறு பெறாத ஈக்களில் எத்தனை ஏறின, பெற்றவற்றில் எத்தனை, எவ்வளவு நாள் பார்த்தார்கள் என்பனவற்றை மாணவியரிடமே கேட்டு, அவர்கள் சொற்களிலேயே தாருங்கள். இது ஈக்களில் மட்டும் செய்த சோதனை என்றும், நோயாளிகள் தங்கள் மருந்தை மாற்றக் கூடாது என்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். செய்தியாளர் விரும்பினால் ஏறுசோதனையைக் கல்லூரிக்கே சென்று ஒரு முறை பார்க்கலாம். ஒரு குப்பிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.